சேர்வராயன் மலையில் மீன்தொட்டிக்கு ஏற்ற ஜலம்

சேலம் ஜில்லாவில் சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காட்டிலும் அதைச் சூழ்ந்த மலைக்கிராமங்களிலும், வீட்டுத் திண்ணையில் கண்ணாடித் தொட்டியோ, கொல்லையில் சிமெண்டுத் தொட்டியோ வைத்து அலங்கார மீன்களை வளர்ப்போர் உண்டு. சிலருக்கு இது பொழுதுபோக்கு; சிலருக்குக் காப்பித் தோட்ட வேலைகளுக்கிடையே கைக்கு வரும் சில்லறை வருமானம். கப்பி, மோலி முதலிய மீன்கள் முட்டையிடாமல் நேரே குஞ்சு ஈனுபவை. ஆகையால் வீட்டிலுள்ள பெண்டிரும் சிறுவர்களுங்கூட இவற்றை எளிதில் பெருக்கி விற்கலாம் என்று கருதி, சேலம் கடைத்தெருவிலிருந்து நெகிழிப் பைகளில் கட்டிக் கொண்டுபோகிறார்கள்.

ஆனால் இம்முயற்சியில் ஈடுபட்டோர் சொல்லும் குறை ஒன்று உண்டு. கீழே கடையில் சுறுசுறுப்பாயிருந்த மீன்கள், மலைக்கு வந்த நாலாம் நாள் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்குகின்றன; வாரம் ஒன்று கழிவதற்குள் பாதி செத்து மிதக்கின்றன. குளிரே காரணம் என்பார் சிலர். குழாயில் வரும் மருந்துத் தண்ணீரே காரணம் என்பார் வேறு சிலர். விற்றவன் நோயுள்ள மீனைத் தலையில் கட்டிவிட்டான் என்று கோபிப்போரும் உளர். இம்மூன்றிலும் சிறிது உண்மை இருக்கலாம். எனினும் பெரும்பாலும் காரணம் வேறொன்று; அது ஏற்காட்டு ஜலத்தில் உள்ள ஒரு பொருளன்று, அதில் இல்லாத ஒரு பொருள். காப்பித் தோட்டத்துக்கு எக்காரணத்தினால் சுண்ணாம்பு இடுகின்றார்களோ, அதே காரணந்தான் மீன்தொட்டியிலும் வேலை செய்கின்றது. இதை அறிந்துகொண்டால் பரிகாரம் மிகச் சுலபம், செலவும் சொற்பம்.

குடிநீருக்கு உரிய தரம் மீனுக்கு உரிய தரம் ஆகாது என்பதை முதலில் கவனிக்கவேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-ல் வெளியிட்ட ஐ.எஸ். 10500 என்னும் குடிநீர் விதிப்படி, ஜலத்தின் பி.எச். எண் 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம். கடினத்தன்மை ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது; வேறு ஜலம் கிடையாத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. கரைந்துள்ள உப்புகள் 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லையேல் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். இவற்றுக்குக் கீழ்வரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை. ஆகவே உப்பே இல்லாத ஊற்று ஜலமும், சோப்பு நுரைக்காத கிணற்று ஜலமும் மனிதனுக்குக் குற்றமற்ற குடிநீராகலாம். மனிதன் ஜலத்தைக் குடிக்கிறான். மீனோ அதிலேயே வசித்து, அதிலேயே மூச்சுவிட்டு, தன் கழிவையும் அதிலேயே விடுகின்றது. செவுள்களின் மெல்லிய தோல் வழியாக உப்பும் ஜலமும் இடைவிடாமல் உட்புகுவதும் வெளியேறுவதுமாக இருக்கும். கடின ஜலத்தில் பழகிய மீனை மிருதுவான ஜலத்தில் திடீரென்று விடுவது, அதன் உடம்பிலுள்ள உப்பைக் கறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

இனி, சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே சாலை வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர்தான். இச்சிறு தூரத்துக்குள் ஜலத்தின் குணம் மாறுவதுபோல் வேறெங்கும் மாறுவது அரிது. மலையின் அடிவாரத்தில், கருப்பூர், ஜாகீர் அம்மாபாளையம், மாமாங்கம் பக்கங்களில் பூமி வெள்ளை வெளேரென்று வெடித்துக் கிடப்பதைச் சேலத்தார் அனைவரும் கண்டிருப்பர். ஆங்கிலேயர் இவற்றைச் சீமைச்சுண்ணாம்புக் குன்றுகள் என்று தவறாகப் பெயரிட்டனர். அங்கிருப்பது சுண்ணாம்பன்று, மாக்னசைட்டு என்னும் வெள்ளைக்கல். அதை உடைத்து உலைச்செங்கல் முதலியவற்றுக்குப் பயன்படுத்துகின்றனர். அப்பகுதிக் கிணறுகளில் மக்னீசிய உப்பு மிகுந்து, ஜலம் கடினமாயிருக்கும். பருப்பு வேகாது, சோப்பு திரிந்துபோகும், பானையில் வெள்ளைப்பொருக்கு படியும் என்று அங்குள்ள பெண்டிர் சொல்வதே இதற்குப் போதிய பரீட்சை.

அங்கிருந்து இருபது கொண்டையூசி வளைவுகள் ஏறி, கடல்மட்டத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டை அடைந்தால் நிலைமை தலைகீழ். சேர்வராயன் மலை சார்னோகைட்டு என்னும் கடும்பாறையாலானது. மேட்டுச் சமவெளிகளில் அப்பாறை செம்மண்ணாகவும் பாக்சைட்டாகவும் மக்கிக் கிடக்கின்றது. மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கென்று முன்னர் இங்கிருந்து வெட்டிச் சென்றது இந்தப் பாக்சைட்டையே. பாக்சைட்டு என்பது யாது? எண்ணற்ற ஆண்டுகள் பெய்த மழை, பாறையிலிருந்த சுண்ணாம்பு, மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் யாவற்றையும் கரைத்துக் கொண்டுபோனபின் எஞ்சிய சக்கையே அது. ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை பெய்யும் இம்மலையில், இன்றைய மழைநீர் அந்தச் சக்கையினூடே இறங்கி ஊற்றாக வெளிப்படும்போது, எடுத்துச் செல்ல உப்பு ஏதும் அதற்குக் கிடைப்பதில்லை. ஆகையால் ஊற்று ஜலமும் ஓடை ஜலமும் கிட்டத்தட்ட மழைநீரே. சோப்பு ஒரு தேய்ப்பில் நுரைத்துவிடும். கழுவினாலும் வழுவழுப்பு எளிதில் போகாது. ஆழ்துளைக் கிணற்று ஜலம் மட்டும் பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கி வருவதால் சற்றுக் கடினமாயிருக்கலாம். இதனால் ஒரே தெருவில் ஊற்று ஜலம் பிடிப்பவர் தொட்டியும், ஆழ்துளைக் கிணறுள்ளவர் தொட்டியும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். ஒருவர் அனுபவத்தை மற்றவர் அப்படியே பின்பற்றுவதால் நஷ்டமே உண்டாகும்.

மிருது ஜலம் மீன்தொட்டியில் என்ன செய்கின்றது?

குடியானவர்களுக்கு இது புதிய விஷயமன்று. அம்மோனியம் சல்பேட்டு உரத்தை ஆண்டுதோறும் இட்டுவந்தால் நிலம் புளித்துப்போகும் என்பதை அவர்கள் அறிவர். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகின்றது. மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் அவ்வமிலம் அடங்கிவிடும். இல்லாவிடில் பயிர் கெடும். மீன்தொட்டியில் நடப்பதும் இதுவே. மீன் தின்ற இரையிலுள்ள புரதம் செவுள்களின் வழியாக அம்மோனியாவாக வெளிப்படுகின்றது. தொட்டியின் மணலிலும் வடிகட்டியிலும் குடிகொண்ட நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்பு அதிகத் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்வேலையில் அம்மோனியாவிலுள்ள நைட்ரஜன் ஒரு கிராமுக்கு, சுண்ணாம்புக் கணக்கில் சுமார் 7 கிராம் காரச்சத்து ஜலத்திலிருந்து செலவாகின்றது. இக்காரச்சத்தே ஜலம் புளிக்காமல் தாங்கும் முதல்.

ஒரு கணக்கைப் பார்த்தால் இதன் முக்கியம் விளங்கும். 100 லிட்டர் தொட்டி ஒன்றில் நாளொன்றுக்கு ஒரு கிராம் இரை போடுவதாகக் கொள்க. நூற்றுக்கு 40 பங்கு புரதமுள்ள இரையானால் அதில் நைட்ரஜன் 0.064 கிராம், அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய 0.04 கிராம், அம்மோனியாவாக ஜலத்தில் சேரும். அதை மாற்றுவதற்கு நாளொன்றுக்குச் சுமார் 0.28 கிராம் காரச்சத்து வேண்டும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் காரச்சத்துள்ள சமவெளிக் கிணற்று ஜலமானால் அத்தொட்டியில் 20 கிராம் இருப்பு உண்டு. அது 70 நாளைக்குத் தாங்கும். லிட்டருக்கு 20 மில்லிகிராமே உள்ள மலைஜலமானால் இருப்பு 2 கிராம். அது ஏழு நாளில் தீர்ந்துவிடும்.

அதாவது, வாரம் ஒன்று கழிவதற்குள் மீன் சாகின்றது என்ற குறை வீண் புலம்பலன்று. கணக்கும் அதையே சொல்கின்றது. காரச்சத்து தீர்ந்தவுடன் பி.எச். எண் ஆறுக்கும் கீழே சட்டென்று இறங்கும். அப்போது மீன்கள் தவிப்பது ஒருபுறமிருக்க, அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்களும் வேலையை நிறுத்திவிடுகின்றன. கழிவு தேங்குகின்றது. ஜலமோ கண்ணுக்குப் பளிங்குபோல் தெளிவாகவே இருக்கும். தெளிவு கண்டு ஏமாறுவோர் மலையில் அதிகம்.

இங்கே மற்றொரு ஆபத்தும் உண்டு. அம்மோனியாவில் இரண்டு நிலைகள் உள்ளன. ஒன்று கொடிய விஷம், மற்றது அவ்வளவு தீங்கற்றது. வெப்பம் 25 டிகிரி சென்டிகிரேடில், பி.எச். 7 ஆனால் ஆயிரத்தில் சுமார் 6 பங்கே விஷநிலையில் இருக்கும், பி.எச். 8 ஆனால் சுமார் 54 பங்கு. புளித்துப்போன தொட்டியில் அம்மோனியா தேங்கியிருந்தும் மீன்கள் ஒருவாறு உயிர்தரித்திருக்கும். வளர்ப்பவர் பரிதாபப்பட்டு, பாதி ஜலத்தை இறைத்துவிட்டுக் கடினமான ஆழ்துளைக் கிணற்று ஜலத்தை ஊற்றுகிறார். பி.எச். ஏறுகின்றது; அதுவரை அடங்கிக் கிடந்த அம்மோனியா விஷமாகின்றது; சில மணி நேரத்தில் மீன்கள் மடிகின்றன. நல்லது செய்யப்போய்க் கெட்டது விளைந்ததற்கு அவர் அன்று குழாயில் வந்த ஜலத்தைக் குறை கூறுவது இயல்பே.

பரிகாரம் கிளிஞ்சல். கடற்கரையோரங்களில் சுண்ணாம்பு சுடுவதற்காகச் சேகரிக்கப்படும் அதே கிளிஞ்சலைச் சுடாமல், நன்றாகக் கழுவி, அவரைக்கொட்டை அளவாக உடைத்து, துணிப்பையில் கட்டி, காற்றுக்குழாயின் அருகில் அல்லது வடிகட்டியில் போட்டுவைக்கவேண்டும். 100 லிட்டருக்குக் கால் கிலோ போதுமானது. கிளிஞ்சலின் விசேஷம் யாதெனில், ஜலம் புளிக்கத் தொடங்கும்போது கரையும். புளிப்பு அடங்கியதும் கரைவது ஏறக்குறைய நின்றுவிடும். மிஞ்சிப்போகுமோ என்ற அச்சம் வேண்டா. சுட்ட சுண்ணாம்பையோ, வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பையோ ஒருக்காலும் போடலாகாது. ஒரு சிட்டிகையே தொட்டி மீன்களைக் கொன்றுவிடும். காப்பித் தோட்டத்துக்கு வாங்கிய டாலமைட்டுத் தூள் வீட்டில் இருந்தால் அதையும் பையில் கட்டி உபயோகிக்கலாம். ஆனால் தூள் ஜலத்தைக் கலங்கச்செய்யும் என்பதால் கல்லாகக் கிடைப்பதே சிலாக்கியம்.

அவசரத்துக்கு ஆப்பசோடா உதவும். 100 லிட்டர் ஜலத்தில் 8 கிராம் ஆப்பசோடா கரைந்தால், காரச்சத்து லிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம் உயரும். அதையும் ஒரே நாளில் போடாமல் மூன்று நாளில் பிரித்துப் போடவேண்டும். தொட்டியில் கழிவு தேங்கியிருக்குமாயின் மேலே கூறிய அம்மோனியா ஆபத்தை மறக்கலாகாது.

சிமெண்டுத் தொட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய சிமெண்டுத் தொட்டியில் சுண்ணாம்பு ஊறி பி.எச். எண் 10-க்கும் மேலே போகும்; ஆகையால் பல தடவை ஜலம் நிரப்பி இறைத்து, இரண்டு மூன்று வாரம் பதப்படுத்தாமல் மீன் விடக்கூடாது. ஆனால் பதப்பட்ட பழைய தொட்டி மலையில் பெரிய அனுகூலம். அதன் சுவர் தன்னிடமுள்ள சுண்ணாம்பைச் சிறுகச் சிறுக ஜலத்துக்குக் கொடுத்துக்கொண்டேயிருக்கும். கொல்லைத் தொட்டியில் கப்பி பெருகுவதும், அதே ஜலத்தில் வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில் அது வாடுவதும் இதனாலேயே.

குளோரின்

குழாய் ஜலத்தில் கலக்கும் குளோரினைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் ஜெர்சி நகரத்துக் குடிநீரில் 1908-ல் தொடர்ச்சியாகக் குளோரின் கலக்கத் தொடங்கியபின், வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் தணிந்த கதை உலகமறிந்தது. நம் நாட்டு விதிப்படி, குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்கவேண்டும். மீனின் செவுளுக்கோ 0.1 மில்லிகிராமிலும் குறைந்த அளவே துன்பந் தரும். ஆகவே குடிப்பதற்குப் பத்திரமான ஜலம் புதிதாகப் பிடித்த நிலையில் மீனுக்குப் பத்திரமாகாது. இதற்காகப் பஞ்சாயத்தார் குளோரினைக் குறைக்கவேண்டுமென்று எவரும் கேட்பது தகாது. ஊரின் உயிர் பெரிது. வளர்ப்பவரே தம் தொட்டிக்கு வேண்டியதைச் செய்துகொள்வதுதான் முறை.

கிராமங்களில் மேல்நிலைத் தொட்டிக்கு, ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் கலப்பது வழக்கம். பவுடர் புதியதாக, நூற்றுக்கு 33 பங்கு வீரியமுள்ளதாக இருந்தால் லிட்டருக்குச் சுமார் 1.3 மில்லிகிராம் குளோரின் சேரும். மலையின் ஈரக்காற்றில் திறந்த சாக்கில் கிடந்து வீரியம் பாதியானால் சேருவதும் பாதியே. புதிய சாக்கு திறந்த அன்று மீன் சாவதும், பழைய சாக்கின் கடைசி நாட்களில் ஒன்றும் நேராததும் இதனால் விளங்கும். அளவு ஒன்று, பலன் வேறு. பெருமழைக்குப்பின் ஊற்று கலங்கிவரும் நாட்களில் பஞ்சாயத்தார் அளவைக் கூட்டுவதும் உண்டு, அது அவசியமே.

அகன்ற வாயுள்ள அண்டாவிலோ பீப்பாயிலோ ஜலத்தைப் பிடித்து, வெயில்படும்படி ஒருநாள் முழுதும் வைத்து, இடையிடையே கலக்கிவிட்டால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். மலையில் மூடுபனி நாட்களில் இரண்டுநாள் வைப்பது உத்தமம். அவசரமானால் ஹைப்போ என்று புகைப்படக்காரர்கள் உபயோகித்துவந்த சோடியம் தயோசல்பேட்டுப் படிகம் உதவும். ஒரு மில்லிகிராம் குளோரினுக்குச் சுமார் 7 மில்லிகிராம் வேண்டியிருப்பதால், 100 லிட்டர் ஜலத்துக்கு ஒரு கிராம் படிகம் சாதாரணமாகப் போதும். அமெரிக்காவின் பல நகரங்களில் குளோரினோடு அம்மோனியாவையும் சேர்த்துக் குளோராமைனாகக் கலக்கின்றனர். அது அண்டாவில் வைத்தாலும் எளிதில் போகாது. அந்நாட்டவர் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு இங்கே விலையுயர்ந்த மருந்துகளை வாங்குவோர், நமது கிராமங்களில் கலப்பது பிளீச்சிங் பவுடரே என்பதை நினைவிற்கொள்வார்களாக.

ஆழ்துளைக் கிணற்று ஜலத்தையும் ஒருநாள் வைத்தே உபயோகிக்கவேண்டும், காரணம் குளோரினன்று. பூமிக்கடியில் கரியமிலவாயு மிகுந்தும் பிராணவாயு குன்றியும் இருந்த ஜலம், காற்றுப்பட்டபின் தன் உண்மையான பி.எச். நிலைக்கு வரும். இரும்புச்சத்திருந்தால் அதுவும் செம்பழுப்பாக அடியில் படிந்துவிடும்.

சேலம் நகரத்தார் பெறுவது, 1934-ல் கட்டிமுடிக்கப்பட்ட மேட்டூர் அணையினின்று வரும் காவேரி ஜலம். அதுவும் ஆண்டு முழுதும் ஒன்றுபோல் இராது. கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டி ஆற்றில் வெள்ளம் வரும் ஆடி மாதத்தில் சேறு கலங்கி வரும்; அதைத் தெளிவிக்கப் படிகாரம் அதிகம் போடப்படும்; படிகாரம் ஒரு பங்குக்கு அரைப்பங்கு காரச்சத்தைத் தின்றுவிடும். கோடையில் அணையின் மட்டம் இறங்கும்போது உப்பு செறிந்து, பாசி மிகுந்து, அதற்கேற்பக் குளோரினும் கூடும். குழாய் ஜலம் போதாத வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று ஜலமும் லாரி ஜலமும் ஒரே தொட்டியில் கலக்கின்றன. அலங்கார மீன் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூரிலோ கேட்கவேண்டியதில்லை. சென்னை நகரத்துக்கு ஏரிகளிலிருந்தும், கிருஷ்ணா நதியிலிருந்தும், வீராணத்திலிருந்தும், 2010-ல் மீஞ்சூரிலும் 2013-ல் நெம்மேலியிலும் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களிலிருந்தும் ஜலம் வருகின்றது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது கல்குவாரிகளில் தேங்கிய ஜலத்தையுங்கூடச் சுத்திகரித்துக் கொடுக்க நேர்ந்தது. ஆகவே கொளத்தூரில் வாங்கிய மீன் எந்த ஜலத்தில் வளர்ந்தது என்பதை விற்பவரிடமே கேட்டறிவது நலம்.

மலைக்கே உரிய வேறு சில இடையூறுகள் உள்ளன. மிருதுவும் புளிப்புமான ஜலம் குழாயை அரிக்கும். இரவு முழுதும் நாகமுலாம் பூசிய இரும்புக் குழாயில் அல்லது பித்தளைக் குழாய்முகத்தில் தங்கிய ஜலத்தில் நாகமும் தாமிரமும் கரைந்திருக்கும். காலையில் முதற்குடத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு, பிறகு வருவதை மீனுக்குப் பிடிக்கவேண்டும். தாமிரம் மிருது ஜலத்தில் பன்மடங்கு கொடியது; மீன்குளங்களில் பாசியை அழிக்க மயில்துத்தம் இடும் வழக்கமுள்ள நாடுகளிலுங்கூட, லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைந்த காரச்சத்துள்ள ஜலத்தில் அதை இடலாகாது என்பது விதி. காப்பியின் இலைத்துரு நோய்க்குப் போர்டோ கலவை தெளிக்கும் தோட்டக்காரர்கள் இதை ஊன்றிக் கவனிக்கவேண்டும். மயில்துத்தம் கரைத்த பீப்பாயை எவ்வளவு கழுவினாலும் அதில் மீனுக்கு ஜலம் பிடிக்கக்கூடாது. தெளித்த கையோடு தொட்டியில் கைவிடுவதும் கூடாது. தெளிக்கும் காலத்தில் கூரை மழைநீரைச் சேகரிப்பதையும் நிறுத்திவைக்கவேண்டும்.

கார்த்திகை முதல் மாசி வரை காப்பிப்பழத்தைச் சதை நீக்கிக் கழுவும் காலம். கழுவிய ஜலம் ஓடையில் விடப்பட்டால், அதிலுள்ள சர்க்கரையும் கொழகொழப்பும் அழுகி, பிராணவாயுவை உறிஞ்சி, ஜலத்தைப் புளிக்கச் செய்கின்றன. அவ்வோடையின் கீழ்ப்புறத்தில் குடியிருப்போர் இம்மாதங்களில் ஓடை ஜலத்தைத் தொட்டிக்கு எடுக்கலாகாது. கழுவல் ஜலத்தைக் குழிகளில் தேக்கி, சுண்ணாம்பிட்டு, தெளியவைத்தபின்னரே வெளிவிடுவது தோட்டக்காரர்களின் கடமை. கீழ்க்கிராமத்தார் குடிக்கும் ஜலமும் அதுவே.

குளிரைப் பற்றி மக்கள் அஞ்சும் அளவுக்கு அஞ்சவேண்டியதில்லை. உயரத்தினால் காற்றழுத்தம் சுமார் ஆறிலொரு பங்கு குறைந்தாலும், குளிர்ந்த ஜலம் பிராணவாயுவை அதிகம் ஏற்பதால், ஏற்காட்டில் 20 டிகிரி வெப்பமுள்ள ஜலம் லிட்டருக்குச் சுமார் 7.6 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். சேலத்தில் 30 டிகிரியில் ஏற்பதும் ஏறக்குறைய அவ்வளவே. தங்கமீனுக்கு ஏற்காட்டுக் குளிர் உகந்ததே. கப்பியும் மோலியும் மார்கழி, தை மாதங்களில் வாடும். அவற்றுக்கு மின்சார வெப்பக்கோல் வேண்டும். மோலி மெக்சிகோ நாட்டுக் கரையோரத்து மீன். கடின ஜலத்தையும் உப்பையும் விரும்புவது. கிளிஞ்சலின்றி அதை மலைஜலத்தில் வைப்பது வீண். நியான் டெட்ரா போன்ற அமேசான் நாட்டு மீன்களுக்கோ மிருது ஜலமே இயற்கை. வெப்பக்கோலும், பி.எச். சரிந்துவிடாதபடி சிறிதளவு கிளிஞ்சலும் இருந்தால், சேலத்தில் அரும்பாடுபட்டு வளர்க்கும் அம்மீன்கள் ஏற்காட்டில் எளிதில் வாழும். ஜலத்தை மீனுக்காக மாற்றுவதினும், ஜலத்துக்கேற்ற மீனைத் தெரிந்தெடுப்பதே புத்திசாலித்தனம்; மண்ணுக்கேற்ற பயிரை எடுப்பவர்களுக்கு இதை விரித்துச் சொல்லவேண்டுவதில்லை.

மலைக்கு மீன் கொண்டுவரும் முறை

சேலத்தில் வாங்கி இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏற்காடு சேரும் மீன்களுக்கு, பையைத் தொட்டியில் கால்மணி மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தியபின், பத்து நிமிஷத்துக்கொரு தடவை ஒரு குவளை தொட்டி ஜலத்தைப் பையில் ஊற்றி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பழக்கவேண்டும். பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விட்டு, பை ஜலத்தைக் கொட்டிவிடவேண்டும். சென்னையிலிருந்து இரவு முழுதும் பிரயாணம் செய்து வரும் மீன்களுக்கு இம்முறை பொருந்தாது. கட்டிய பையில் மீன் விட்ட கரியமிலவாயுவினால் ஜலம் புளித்து, அம்மோனியா அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்து வைத்தால் வாயு வெளியேறி, அம்மோனியா விஷமாக எழும். ஆகையால் மீன் வருமுன்னரே தொட்டி ஜலத்தைக் கிளிஞ்சலாலும் சிறிது ஆப்பசோடாவினாலும் விற்பவரின் ஜலத்துக்கு ஏறக்குறைய ஒத்ததாகச் செய்துவைத்து, வெப்பம் சமமானவுடன் தாமதமின்றி மாற்றவேண்டும். பிறகு வாரந்தோறும் கால்பங்கு ஜலத்தை மட்டும் மாற்றிவந்தால், தொட்டி தானாகவே மெல்ல மெல்ல மலைஜலத்துக்குத் திரும்பும். முழுத் தொட்டியையும் ஒரேநாளில் கழுவிப் புதுஜலம் நிரப்பும் வழக்கத்தை அறவே விடவேண்டும்.

ஜலத்தைப் பரீட்சிப்பதற்குப் பெரிய சாதனம் தேவையில்லை. ஒரே அளவான இரண்டு சீசாக்களில் ஒன்றில் மழைநீரும் மற்றொன்றில் குழாய் ஜலமும் எடுத்து, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகவிட்டுக் குலுக்கி, நுரை நிலைப்பதற்கு எத்தனை சொட்டு ஆயிற்றென்று எண்ணினால் கடினத்தின் வித்தியாசம் தெரிந்துவிடும். பாசன ஜலத்தை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து அட்டை வாங்கியவர்கள், அதில் டெசிசைமன் அளவில் குறித்துள்ள மின்கடத்தும் திறனை 640-ஆல் பெருக்கினால், லிட்டரில் கரைந்துள்ள உப்பு ஏறக்குறைய எத்தனை மில்லிகிராம் என்று அறியலாம். காரச்சத்தையும் பி.எச். எண்ணையும் திட்டமாக அறிய விரும்புவோர் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஜில்லா ஆய்வுக்கூடத்தை அணுகலாம். மழைக்காலத்தில் ஒரு தடவையும் சித்திரையில் ஒரு தடவையும் பார்ப்பது அவசியம். ஒரு தடவை பார்த்த எண்ணை ஆண்டு முழுதும் நம்புவதற்கில்லை.

பஞ்சாயத்துத் தலைவர்களும் செயலர்களும் இவ்விஷயத்தில் செலவின்றிச் செய்யக்கூடிய உதவி ஒன்றுண்டு. மேல்நிலைத் தொட்டியைக் கழுவி அதிகப் பவுடர் இடும் நாளையும், ஊற்று ஜலத்துக்குப் பதிலாக ஆழ்துளைக் கிணற்று ஜலம் திறந்துவிடும் நாளையும் முன்னதாகப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதிவைக்கலாம். தொட்டி இயக்குபவர் கைவசமுள்ள குளோரின் பரிசோதனைக் குழாயில் அன்றன்று கண்ட அளவையும் அருகில் குறித்தால் நலம். பிளீச்சிங் பவுடர்ச் சாக்கை ஈரமில்லாத அறையில் பலகைமீது வைத்து, திறந்த தேதியைச் சாக்கின்மேல் எழுதிவைக்கவேண்டும். மீன் வளர்ப்போர் அப்பலகையைப் பார்த்து, அதற்கு முந்தின நாளே இரண்டு அண்டா ஜலம் பிடித்து வைத்துக்கொள்வார்கள்.